பஞ்சத்தில் பிறந்த விருந்தோம்பற் கல்வி

விருந்தோம்பல் என்னும் சொல்லைக் கேட்டவுடன் தமிழர் நெஞ்சு நிமிர்கிறது. வள்ளுவர் இல்லறவியலில் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். சாத்தனார் மணிமேகலையின் கையில் அமுதசுரபியைத் தந்து, பசிப்பிணி தீர்க்கும் அறத்தைக் காவியமாக்கினார். தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவர யாத்திரைப் பாதை நெடுகிலும் சத்திரங்கள் எழுப்பினர். இரண்டாம் சரபோசி மன்னர் ஒரத்தநாட்டில் நிறுவிய முத்தாம்பாள் சத்திரம் வழிப்போக்கருக்குச் சோறும் மாணாக்கருக்குக் கல்வியும் ஒருங்கே வழங்கியது. இவற்றையெல்லாம் மேடைதோறும் எடுத்துரைத்து மகிழ்கிறோம், மகிழத்தக்கவையே.

ஆயினும் நம் காலனிப் பிள்ளை ஒருவன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றபின், "அப்பா, நான் ஹோட்டல் நிர்வாகம் படிக்கப் போகிறேன்" என்று சொல்லட்டும். வீட்டில் ஒரு கணம் பேச்சு நின்றுவிடுகிறது. "கரண்டி பிடிக்கவா உன்னை இவ்வளவு படிக்க வைத்தோம்?" என்று தந்தையார் கேட்கிறார். பெண் பிள்ளையாயின், கவலை இருமடங்காகிறது. அறமாக நின்றபோது தலைமேல் வைத்துக் கொண்டாடிய ஒன்றை, அது தொழிலாகி ஊதியம் ஈட்டும்போது ஏன் தாழ்வாக எண்ணுகிறோம்? இவ்வினாவுக்கு விடை காண விழைவோர், அக்கல்வி நம் நாட்டில் வேரூன்றிய வரலாற்றை அறிதல் நன்று. அதன் முதல் ஏடு நாம் குடியேறி வாழும் இம்மும்பை மாநகரிலேயே எழுதப்பட்டது என்பது நம்மவரில் பலர் அறியாத செய்தி.

மேலைநாட்டு முன்னோடிகள்

விடுதி நடத்துவதைப் பள்ளியில் கற்பிக்கலாம் என்னும் எண்ணம் முதலில் சுவிட்சர்லாந்தில் வடிவு பெற்றது. ஆல்ப்ஸ் மலைக் காட்சிகளைக் காண ஐரோப்பியச் செல்வர் திரளத் தொடங்கிய காலம் அது. விடுதிகள் பெருகின, பயின்ற பணியாளர் போதவில்லை. விடுதித் தொழிலில் பழுத்த ஜாக் சூமி என்பார் 1893-ஆம் ஆண்டு லோசான் நகரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஏரிக்கரை விடுதி ஒன்றின் அறைகளே அதன் முதல் வகுப்புகள்.

பல்கலைக்கழகத்துக்குள் இக்கல்வி நுழைந்தது அமெரிக்காவில். 1922-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்டு மீக் என்னும் பேராசிரியர் ஹோட்டல் நிர்வாக வகுப்புகளை ஆரம்பித்தார். அறிஞர் கழகத்தில் அடுப்படிக்கு என்ன வேலை என்று கேட்டோர் பலர். விடுதித் தொழிலில் பெருஞ் செல்வராயிருந்த ஸ்டாட்லர் என்பவரும், இத்தொழிலைக் கல்லூரியில் கற்பிக்க இயலாதென்றே எண்ணியிருந்தார். மாணாக்கர் தாமே ஒரு நாள் விடுதி நடத்திக் காட்டினர். அதை நேரில் கண்ட ஸ்டாட்லர் மனம் மாறினார். பின்னாளில் அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளையே அப்பள்ளிக்குப் பெரும் புரவலாயிற்று.

இவ்விரண்டு பள்ளிகளும் செழித்த தொழிலுக்கு ஆள் தேடிப் பிறந்தவை. நம் நாட்டுக் கதை வேறு. இங்கு அப்பள்ளியைப் பெற்றெடுத்தது பஞ்சம்.

பங்கீட்டு அட்டைக் காலம்

1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தின் நினைவு ஆறுமுன்னரே நாடு விடுதலை பெற்றது. பிரிவினையால் பஞ்சாபின் செழிப்பான கோதுமை நிலங்களில் பெரும்பகுதி எல்லைக்கு அப்பால் சென்றது. 1950-51-இல் மழை பொய்த்தது. பீகாரும் அன்றைய சென்னை மாகாணமும் உணவுக்குத் தவித்தன. அரிசிக்கும் கோதுமைக்கும் பங்கீட்டு அட்டையுடன் மக்கள் வரிசையில் நின்றனர். 1951-இல் அமெரிக்காவிடம் இருபது இலட்சம் டன் தானியம் வாங்குவதற்குக் கடன் பெற வேண்டியதாயிற்று.

அவ்வேளையில் மத்திய உணவு அமைச்சராயிருந்தவர் கே. எம். முன்ஷி. அவருடைய துணைவியார் லீலாவதி முன்ஷி குஜராத்தி எழுத்தாளர். விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டவர். 1952 முதல் மாநிலங்களவை உறுப்பினராகவும் விளங்கியவர். தானியப் பற்றாக்குறையை அமைச்சகத்தின் கோப்புகள் மட்டும் தீர்த்துவிட முடியாது, அடுப்படியில் நிற்கும் பெண்களும் கைகொடுக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் தலைமையில் அகில இந்திய மகளிர் மத்திய உணவுக் குழு உருவாயிற்று.

அக்குழுவினர் பல நகரங்களில் 'அன்னபூர்ணா' என்னும் பெயரால் சிற்றுண்டிச் சாலைகளைத் திறந்தனர். அரிசியும் கோதுமையும் சேராத பண்டங்களை ஆக்கிப் பரிமாறுவதே அவற்றின் நோக்கம். கிழங்கு, காய்கறி முதலியவற்றைக் கொண்டு வயிறு நிரம்பவும் விலை மலிவாகவும் உணவளித்து, தானியத்தை மிச்சப்படுத்த முயன்றனர். காசியில் கோயில் கொண்ட அன்னபூரணியின் கையிலும் கரண்டிதான் இருக்கிறது என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

நல்ல எண்ணம் இருந்தால் நூறு பேருக்குச் சமைத்துவிட முடியாது என்பதை அத்தகைய பணியில் இறங்குவோர் விரைவில் உணர்வர். வீட்டில் ஐவருக்குச் சமைக்கும் கைப்பக்குவம் ஐந்நூறு பேருக்குச் சமைக்கும்போது துணை நிற்பதில்லை. உப்பின் அளவு மாறுகிறது. வேகும் நேரம் மாறுகிறது. ஒரு பாத்திரம் கெட்டால் ஒரு தெருவே நோயில் விழுகிறது. மேலும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், இருநூற்றைம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் உணவுச்சாலை அமைப்பதற்கு வழி வகுத்திருந்தது. அத்தனை உணவுச்சாலைகளையும் நடத்தப் பயின்றவர் எங்கே?

இத்தேவைகளின் நடுவே, 1954-ஆம் ஆண்டு, மகளிர் உணவுக் குழு பம்பாயில் நாட்டின் முதல் ஹோட்டல் நிர்வாகக் கல்லூரியைத் தொடங்கியது. அது பின்னர் தாதர் மேற்கில், வீர் சாவர்க்கர் சாலையில் நிலைபெற்றது. நம் மாதுங்காவிலிருந்து நடந்தே செல்லத்தக்க தொலைவுதான். "தாதர் கேட்டரிங் காலேஜ்" என்று இவ்வூரார் சொல்வது இதனையே. அதன் முழுப் பெயரை ஊன்றிப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். ஹோட்டல் நிர்வாகம், உணவாக்கத் தொழில்நுட்பம் ஆகியவற்றோடு 'பயன்முறை ஊட்டவியல்' என்பதும் அப்பெயரில் அடங்கியிருக்கிறது. விருந்தினரை மகிழ்விப்பதோடு பசித்தோர்க்குச் சத்துள்ள சோறிடுவதும் தன் கடமை என்று அக்கல்லூரி பிறந்தபோதே பூண்ட உறுதியின் அடையாளம் அச்சொல்.

தங்கம் அம்மையார்

கட்டடம் எழுப்புவது எளிது. கற்பிப்போரைத் தேடுவது அரிது. அன்று நம் நாட்டில் சமையற்கலை குருகுலமாகவே நடந்துவந்தது. தவசிப்பிள்ளையிடம் எடுபிடியாகச் சேர்ந்த சிறுவன் பாத்திரம் துலக்கி, காய் நறுக்கி, பல ஆண்டுகள் கழித்துச் சரக்கு மாஸ்டர் ஆவான். அவனுக்குத் தெரிந்தவையெல்லாம் கையிலும் மூக்கிலும் நாவிலும் இருந்தன, ஏட்டில் இல்லை. "கைப்பிடி உப்பு", "பதமாக வந்ததும் இறக்கு" என்னும் மொழியை நாற்பது மாணாக்கர் அமர்ந்த வகுப்பில் எவ்வாறு பாடமாக்குவது?

இவ்வரிய பணியில் முதலிடம் பெறுபவர் கேரளத்தில் 1921-இல் பிறந்த தங்கம் பிலிப் அம்மையார். பம்பாய்க் கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் பணியாற்றிய அவர், இந்தியப் பண்டங்களையும் மேலைநாட்டுப் பண்டங்களையும் அளவும் முறையும் வகுத்து, கற்பித்தலுக்கும் தொழிலுக்கும் பயன்படும் நவீனச் சமையல் நூலாக 1965-இல் வெளியிட்டார். தலைமுறை தலைமுறையாக விடுதிக் கல்லூரி மாணவர் கைகளில் மசாலைக் கறையேறிக் கிடந்த பாடநூல் அதுவே. 1976-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2009-இல் அவர் மறைந்தார். சமையலறையில் நின்று கற்பித்த ஒரு பெண்மணியை நாட்டின் விருதாளர் வரிசையில் கண்டபோது, தம் மக்களை அக்கல்லூரிக்கு அனுப்பியிருந்த பெற்றோர் எத்துணை ஆறுதல் பெற்றிருப்பர்!

அந்நூல் வெளிவந்த 1965-ஆம் ஆண்டு நாடு மீண்டும் உணவு நெருக்கடியில் இருந்தது. வாரம் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி மக்களை வேண்டினார். திங்கட்கிழமை மாலைகளில் உணவு விடுதிகள் அடைக்கப்பட்டன. அடைத்த கதவுகளின் காலத்தில் விடுதிக் கல்வி வளர்ந்தது என்பது வியப்பன்று. தானியம் அருகியிருக்கும் நாட்டில்தான் ஒரு பிடி அரிசியும் வீணாகாமல் சமைக்கும் கல்வி மிகுதியும் தேவைப்படுகிறது.

நான்கு திசையில் நான்கு கல்லூரிகள்

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்துக்கு அப்போது தலைவராயிருந்தவர் நம் நாட்டவரான பினய் ரஞ்சன் சென். அவர் 1960-இல் பசியினின்று விடுதலை பெறும் உலக இயக்கத்தைத் தொடங்கினார். அச்சூழலில் இந்திய உணவு அமைச்சகம் பம்பாய்க் கல்லூரியைப் போன்ற பிற கல்லூரிகளிலும் கருத்துச் செலுத்தியது. 1962-இல் தில்லியிலும், 1963-இல் கல்கத்தாவிலும் சென்னையிலும் அவை அமைந்தன. சென்னைக் கல்லூரி இன்று தரமணியில் நடைபெற்று வருகிறது.

தில்லிக் கல்லூரி அமைந்துள்ள இடத்தைக் கவனிக்க வேண்டும். அது பூசா வளாகம். பீகாரில் பூசா என்னும் ஊரில் இருந்த வேளாண் ஆராய்ச்சிக் கழகம், 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சேதமுற்றபின், 1936-இல் தில்லிக்குப் பெயர்ந்தது. ஊர்ப் பெயரும் உடன் வந்தது. கோதுமையை விளைவிக்கும் கல்வியும் அதனை உணவாக்கும் கல்வியும் ஒரே வளாகத்தில் அண்டை வீட்டாராயின. சுற்றுலாத் துறையின் நிழலில் இக்கல்லூரி தோன்றியிருந்தால் அதற்கு இந்த அண்டை வாய்த்திராது.

நான்கிலும் மூன்றாண்டு டிப்ளமா படிப்பே நடந்தது. சமையல், அடுமனை, பரிமாறல், அறைப் பராமரிப்பு, வரவேற்பு, கணக்கு, ஊட்டவியல், உணவுத் தூய்மை ஆகியவை பாடங்கள். வெளியார் எண்ணுவதைப் போல இது வெறும் கரண்டிப் படிப்பன்று. ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். கிலோ 30 ரூபாய் வீதம் 12 கிலோ உருளைக்கிழங்கு வாங்குகிறோம். விலை 360 ரூபாய். தோலும் கண்ணும் நீக்கியபின் 10 கிலோ எஞ்சுமாயின், இலையில் விழும் கிழங்கின் உண்மை விலை கிலோ 36 ரூபாய். 30 ரூபாய் என்றே எண்ணி விலைப் பட்டியல் எழுதும் விடுதிக்காரர், கூட்டம் அலைமோதும்போதே நட்டத்தில் மூழ்குவார். கல்லாப்பெட்டி நிறைந்திருந்தும் கடையை மூடிய உறவினர் ஒருவர் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. அவர் கெட்டது சமையலால் அன்று, இக்கணக்கை அறியாமையால்.

இக்கல்லூரிகளின் சமையற்கூடம் மற்றொரு மாற்றத்தையும் செய்தது. யார் சமைத்ததை யார் உண்ணலாம் என்பது பிறப்பால் வகுக்கப்பட்டிருந்த நாடு இது. இரயில் நிலையங்களில் சாதிக்கும் சமயத்துக்கும் தனித்தனி உணவுக்கூடம் இருந்ததை நம் முதியோர் அறிவர். பயிற்சிக் கூடத்திலோ எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் ஒரே மேடையில் நின்று நறுக்கினர். ஒருவர் ஆக்கியதை மற்றவர் சுவைத்து மதிப்பெண் பெற்றனர். புலால் உண்ணாக் குடும்பத்துப் பிள்ளைகளும் அங்குப் புலாலைக் கையாளப் பழகினர். நம்மவரில் பலர் தயங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அத்தயக்கத்தை இகழ்வதற்கில்லை, எனினும், சமபந்தியைப் பற்றிப் பேசிய மேடைகளைவிட, சமமாகச் சமைத்த அக்கூடங்கள் செய்த தொண்டு பெரிது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சுற்றுலா கைகோத்தது

சுற்றுலாவும் இதே ஆண்டுகளில் தனி வழியே வளர்ந்து கொண்டிருந்தது. 1945-இல் கல்வி ஆலோசகர் சர் ஜான் சார்ஜென்ட் தலைமையில் அமைந்த குழு, வெளிநாட்டுப் பயணிகளை வரவேற்கத் தனி அமைப்பு தேவை என்றது. 1949-இல் போக்குவரத்து அமைச்சகத்தில் சுற்றுலாக் கிளை ஒன்று ஏற்பட்டது. 1956-இல் யுனெஸ்கோ மாநாடு தில்லியில் கூடியபோது, வரும் பிரதிநிதிகளைத் தங்க வைப்பதற்காக அசோகா ஹோட்டல் எழுந்தது. 1962-ஆம் ஆண்டுச் சீனப் போரை ஒட்டிப் பயணிகள் வருகை குறைந்தது. அடுத்த ஆண்டு எல். கே. ஜா தலைமையில் ஒரு குழு நிலைமையை ஆராய்ந்தது. அதன் பயனாக, 1966-இல் இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் உருவாயிற்று.

அதே 1966-இல் ஓபராய் நிறுவனத்தார் தமக்கென ஒரு விடுதிப் பள்ளியை ஏற்படுத்தினர். அதன் நிறுவனர் மோகன் சிங் ஓபராய், 1922-இல் சிம்லா செசில் ஹோட்டலில் மாதம் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர். சென்னையில் 1938-இல் உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் தொடங்கிய கிருஷ்ணராவ் அவர்களும் உணவுச்சாலைகளில் சிறு வேலை செய்து உயர்ந்தவரே. பள்ளி இல்லாத காலத்தில் அடிபட்டுக் கற்றோர் இவர்கள். இவர்களைப் போல் ஆயிரத்தில் ஒருவரே கரையேற இயலும். எஞ்சிய தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் வழிகாட்டுவதற்கே பள்ளிகள் தேவைப்பட்டன.

1982-இல் தில்லியில் ஆசிய விளையாட்டு விழா நடந்தது. தலைநகரில் புதிய விடுதிகள் வரிசையாக எழுந்தன. அவ்வாண்டிலேயே ஹோட்டல் நிர்வாகக் கல்லூரிகள் அனைத்துக்கும் பாடத்திட்டமும் தேர்வும் வகுக்கத் தேசியக் குழு ஒன்று சுற்றுலாத் துறையின் கீழ் நிறுவப்பட்டது. உணவுத் துறையின் மடியில் வளர்ந்த பிள்ளை சுற்றுலாத் துறையின் மடிக்கு மாறியது. 1983-இல் இந்தியச் சுற்றுலாப் பயண மேலாண்மை நிறுவனமும் உருவாயிற்று. குவாலியர் அதன் தலைமையிடமாயிற்று. இம்மாற்றத்தால் கல்லூரிகளுக்குப் பொருளும் புகழும் பெருகின. ஆனால் பெயர்ப்பலகையில் இருந்த ஊட்டவியல் என்னும் சொல் மெல்ல மங்கத் தொடங்கியது.

அதே 1982-ஆம் ஆண்டு ஜூலையில்தான் தமிழ்நாட்டில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1956-இல் காமராசர் ஆட்சியில் பரவிய மதிய உணவுத் திட்டம் அதனால் பன்மடங்கு விரிந்தது. நாட்டில் ஒரு பக்கம் இலட்சக்கணக்கான குழந்தைகளுக்கு நாள்தோறும் சத்துணவு சமைக்க வேண்டிய பொறுப்பு. மறுபக்கம் பெருமளவில் சமைப்பதையே பாடமாகக் கற்ற பட்டதாரிகள். இரண்டும் சந்தித்திருந்தால் எத்துணை நலம் விளைந்திருக்கும்! பெரும்பாலும் அவை தனித்தனியே நடந்தன.

பல்கலைக்கழக வாயிலில்

இனி, டிப்ளமா பட்டமான கதை. 1954-இல் தொடங்கிய இக்கல்வி பல்கலைக்கழகப் பட்டமாக மலர ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. தடைகள் மூன்று.

முதலாவது, ஆசிரியர் தகுதி. பல்கலைக்கழகம் முதுநிலைப் பட்டத்தையும் ஆராய்ச்சியையும் கேட்கிறது. முப்பது ஆண்டுகள் அடுப்பின் முன் நின்று தேர்ந்த மாஸ்டரிடம் அப்பட்டம் இல்லை. பட்டம் பெற்ற இளைஞரிடம் அடுப்பின் அனுபவம் இல்லை. ஒருவரை விடுத்து மற்றவரை மட்டும் அமர்த்தினால் கல்வி நொண்டியாகும். இருவரையும் சம மதிப்புடன் அமர்த்தும் விதியை வகுப்பதற்கு நம் கல்விக்கூடங்கள் இன்னும் முழுமையாகக் கற்கவில்லை.

இரண்டாவது, செலவு. வேதியியல் கூடத்தில் வாங்கிய கண்ணாடிக் குடுவை பல ஆண்டு உழைக்கும். சமையற்கூடத்தில் காலையில் வாங்கிய பாலும் காயும் இறைச்சியும் மாலைக்குள் தீர்ந்துவிடும். வளரும் நாடொன்றின் பல்கலைக்கழகத்தில் நிதி அலுவலர் இதைக் கண்டு அஞ்சுவது இயல்பே. பயிற்சி உணவகம் நடத்தி, ஆக்கியதை விற்றுச் செலவின் ஒரு பகுதியை ஈடுகட்டுவதே இதற்குக் கண்ட வழி.

மூன்றாவது, இடம். இது மனையியலின் கிளையா? வணிகத்தின் கிளையா? வேளாண்மையின் கிளையா? எப்புலத்தில் சேர்ப்பதென்று தெரியாமல் எல்லாரும் கைவிட்டனர். இத்தடைக்கு அடியில் சொல்லப்படாத நான்காவது ஒன்றும் இருந்தது. கையால் செய்யும் தொழில் அறிவாகாது என்னும் பழைய எண்ணமே அது.

1986-இல் கர்நாடகக் கடற்கரையை அடுத்த மணிப்பாலில், ஐ.டி.சி. வெல்கம்குரூப் விடுதிக் குழுமத்தின் துணையோடு, ஹோட்டல் நிர்வாகத்தில் பட்டம் அளிக்கும் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டது. நாட்டில் இத்துறைக்குப் பட்டப்படிப்பு நடத்திய முன்னோடிகளுள் அது ஒன்று. உலகப் புகழ் பெற்ற சமையற்கலைஞர் விகாஸ் கன்னா அங்குப் பயின்றவர். தொலைக்காட்சி வழியே நம் வீடுகளுக்கு அறிமுகமான சஞ்சீவ் கபூர் தில்லி பூசாவின் மாணவர். தேசியக் குழுவின் கீழுள்ள கல்லூரிகளும் பின்னர் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இளநிலை அறிவியல் பட்டம் அளித்தன. அண்மை ஆண்டுகளில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் அப்பட்டத்தை வழங்கியது. வாயிலில் நெடுநாள் நின்ற கல்வி இறுதியில் உள்ளே அமர்ந்தது.

வேறொரு வளரும் நாட்டின் அனுபவமும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1963-இல் விடுதலை பெற்ற கென்யா, வனவிலங்குகளைக் காண வரும் பயணிகளையே பெரும் வருவாயாகக் கொண்டது. சுவிட்சர்லாந்து அரசின் உதவியோடு 1975-இல் நைரோபியில் 'உடாலி' கல்லூரியை அந்நாடு திறந்தது. உடாலி என்பது சுவாகிலி மொழியில் சுற்றுலாவைக் குறிக்கும் சொல். கல்லூரியோடு இணைந்து ஒரு விடுதியும் நடக்கிறது. மாணவர் அங்கேயே பழகுகின்றனர். விடுதிகளிடமிருந்து பெற்ற பயிற்சி வரி கல்லூரிக்குத் துணை நின்றது. பயின்ற ஆளால் பயன் பெறுவோரே பயிற்சிக்கும் பங்களிக்க வேண்டும் என்னும் இந்நெறி எந்த வளரும் நாட்டுக்கும் ஏற்றது. அவர்கள் பயணிகளுக்காகத் தொடங்கினர். நாம் பசித்தோர்க்காகத் தொடங்கினோம். இரண்டும் இணைந்தால் அக்கல்வி முழுமை பெறும்.

நாம் எண்ண வேண்டியது

2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில் நாட்டின் விடுதிகள் அடைபட்டன. பல்லாயிரவர் வேலையிழந்தனர்; "சொன்னேனே!" என்று தலையசைத்த பெரியோர் நம்மிடையே உண்டு. சுற்றுலா ஒன்றையே நம்பிய கல்வியின் வலுவின்மையை அவ்வாண்டு காட்டியது உண்மையே. ஆனால் அதே நாட்களில் இம்மும்பையில் விடுதிச் சமையற்கூடங்கள் சில, இரவு பகலாக உழைத்த மருத்துவருக்கும் செவிலியருக்கும் உணவாக்கி அனுப்பின. விருந்தினர் வராத வேளையிலும் அத்தொழிலுக்குச் செய்வதற்கு வேலை இருந்தது. 1954-இல் மகளிர் குழு நாட்டிய வேர் வாடிவிடவில்லை என்பதற்கு அதுவே சான்று.

ஆகவே இக்கல்வியை நாடும் இளைஞருக்குக் கூறத்தக்கது இது: ஐந்து நட்சத்திர விடுதியின் பளிங்குத் தரை மட்டுமே உங்கள் களம் அன்று. மருத்துவமனையில் நோயாளிக்கேற்ற பத்திய உணவு, பள்ளியில் பிள்ளைகளுக்குச் சத்துணவு, ஆலையில் தொழிலாளருக்கு மலிவான சாப்பாடு, இரயிலில் தூய்மையான உணவு, யாத்திரைத் தலங்களில் நல்ல தங்குமிடம் ஆகிய யாவும் பயின்ற கைகளுக்குக் காத்திருக்கின்றன. வேலை கடினமானது, நேரம் வரையறையற்றது, தீபாவளியன்று பிறர் உண்ண நீங்கள் நின்று பரிமாற நேரும். அதை மறைத்துச் சொல்வது முறையன்று. தொடக்க ஊதியமும் பல இடங்களில் குறைவே. இவற்றை அறிந்தே அடியெடுத்து வையுங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு விண்ணப்பம். நம் முன்னோர் இவ்வூருக்கு வந்தபோது அவர்களுக்கு முதலில் கைகொடுத்தது எது? அலுவலகத்தில் எழுத்தர் வேலையும் தட்டச்சும் பின்னர். முதல் இரவில் பசியாற்றியது மாதுங்காவிலும் தாதரிலும் இலை போட்ட ஏதோ ஒரு போர்டிங் ஹவுஸ். அங்கே பெயரறியாத பரிசாரகர் ஒருவர், "இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா?" என்று கேட்டிருப்பார். வேற்றூரில் தனித்து நின்றவருக்கு அச்சொல் தாய்மொழியாகவே ஒலித்திருக்கும். அக்கையை நாம் தொழிலாளியின் கை என்று மறந்தோம். வள்ளுவர் கண்ட இல்லறத்தானின் கையும் அதுவே என்பதை எண்ணவில்லை.

அறமாகப் போற்றியதைத் தொழிலாக மதிக்கவும், தொழிலாகச் செய்வதை அறத்தோடு செய்யவும் கற்பிப்பதே விருந்தோம்பற் பல்கலைக்கூடத்தின் பணி. பஞ்சத்தின் நடுவே சில பெண்கள் மூட்டிய அடுப்பு எழுபது ஆண்டுகளைத் தாண்டி எரிகிறது. அவ்வடுப்பருகே நம் பிள்ளைகளும் நாணமின்றி நிற்கட்டும். உண்டி கொடுத்தும் கல்வி கொடுத்தும் நம் சங்கத்துக் குடும்பங்கள் நீடு வாழ்க!